நான் செத்திருந்த ஒரு மாதம்

1

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. எந்தப் பஞ்சாங்கத்திலும் அது இருக்காது. 'நீங்க பொளச்ச நாளு' என்பாள் என் மனைவி பாவாயி. ஒரு மாதம் செத்திருந்துவிட்டு, பினாங்குத் துறைமுக முகாமில் மறுபடி உயிர் பெற்றவன் நான். அந்த நாளில் கம்மஞ்சோறு ஆக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. இங்கே கம்புக்கு எங்கே போவது? சீனர் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு தானியத்தை இடித்து ஆக்கிக் கம்மஞ்சோறு என்று பெயர் வைத்து வட்டிலில் போடுவாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தின்று வைப்பேன்.

எங்கள் மகள் தங்கத்துக்கு இப்போது பதினேழு வயது. கான்வெண்ட் பள்ளியில் படித்தவள். எங்களோடு தமிழும், தெருவில் மலாயும், கோபம் வந்தால் இங்கிலீஷும் பேசுகிறாள். இந்த வருஷம் ஒரு வாய் அள்ளி வைத்துவிட்டு, "அப்பா, இது என்ன கதைன்னு எனக்கு யாருமே சரியாச் சொல்லல. அந்தத் தாத்தா வந்தாரே, அவரு முகம்கூட எனக்கு ஞாபகமில்ல" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் வட்டிலை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். மகளுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழ் படிக்கத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

2

எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். அம்மா நான் விவரம் தெரிவதற்குள் போய்விட்டாள். அண்ணன் அய்யனோடு ஏர் பிடித்தான். சின்னவனாவது நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று என்னைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அய்யனுக்கு இது இரண்டு வருஷம் தெரியாது. அதற்குள் பனமரத்துப்பட்டியில் பெண் பார்த்துப் பாவாயியை எனக்குக் கட்டியும் வைத்துவிட்டார்.

ஒரு ஜவுளி வியாபாரி தன் கடைச் சேலையைக் கட்டிய ஒரு பெண்ணின் படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தார். குடும்பப் பெண் யார் வந்து நிற்பாள்? நாடகத்தில் ஆடுகிற அம்மாள் ஒருத்தி ஒப்புக்கொண்டாள். கொசுவ மடிப்பு ஒழுங்காக விழ வேண்டுமென்று அரை நாள் தரையில் மண்டியிட்டுக் கிடந்து அந்தப் படத்தை எடுத்தேன். படம் பிரமாதமாக வந்தது. வியாபாரி அதைப் பெரிதாக அச்சடித்து ஊர் ஊராக ஒட்டினார். கீழே என் பெயரையும் போட்டார். அந்தப் பெயரைப் பார்த்து நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எடப்பாடிச் சந்தைக்குப் பருத்தி கொண்டு போன அய்யன் ஒரு கடைச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏனுங்க, உங்க சின்னவன் கூத்தாடிச்சிக்குச் சீலை கட்டி உடறானாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அய்யன் சேலத்தில் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை.

"படிக்க உட்டா, பொம்பளைக்குக் கொசுவம் புடிக்கறயா? இனி என்ற ஊட்டு வாசப்படிய மிதிச்சறாத" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கும் ரோஷம். ஸ்டூடியோக்காரருக்குத் தெரிந்த ஜவுளிக்கடை ஒன்று பினாங்கில் படம் எடுக்க ஆள் தேடியது. கப்பலேறிவிட்டேன். தாய்வீட்டிலிருந்த பாவாயியை இரண்டு வருஷம் கழித்து வரவழைத்துக்கொண்டேன். அண்ணன் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் போடுவான். மழை, மாடு, கன்று எல்லாம் இருக்கும். 'அய்யன் சௌக்கியமா?' என்று நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். அதற்கு மட்டும் பதில் இருக்காது.

3

கடையில் என் வேலை, புதிதாக இறங்குகிற துணியை எல்லாம் ஆள் மேல் போட்டுப் படம் எடுப்பது. சேலை, மலாய்க்காரிகள் போடுகிற கெபாயாச் சட்டை, கவுன், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் தொப்பிவரை எடுத்திருக்கிறேன். படங்கள் விலைப்பட்டியல் புத்தகத்திலும் வருஷக் காலண்டரிலும் வரும். இங்கேயும் குடும்பப் பெண்கள் நிற்க மாட்டார்கள். மலாய் நாடகக் குழுவில் ஒருத்தி இருந்தாள். காலையில் மலாய்க்காரியாகவும் மத்தியானம் மதுரைக்காரியாகவும் நிற்பாள். முதுகுப்புறம் பார்த்தால் துணி உலர்த்துகிற கவ்விகள் வரிசையாக மாட்டியிருக்கும். முன்புறம் பார்க்கிறவர்களுக்கு மகாராணி.

அந்தக் காலத்தில் படம் பிடிக்கிற கண்ணாடித் தகடு நிறம் தெரியாத பிறவி. சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். வெளிர் நீலத்தைச் சுத்த வெள்ளையாக்கிவிடும். சிவப்புச் சேலை விற்க வேண்டுமென்றால் படத்துக்கு வேறு நிறத்தைக் கட்டித்தான் எடுக்க வேண்டும். எந்த நிறம் எப்படி விழும் என்பதில் பினாங்கிலேயே என்னை அடிக்க ஆளில்லை என்று கடை முதலாளி சொல்லுவார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கப்பலேறி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தங்கத்துக்கு ஐந்து வயது. ஒருநாள் பாவாயி, "ஏனுங்க, மாமனுக்கு எங்க ரெண்டு பேரு படத்த அனுப்பி வெய்யுங்க. உங்களுத வேண்டாம். அவருக்குக் கோவம் உங்க மேலதான, எங்க மேல என்ன? பேத்தி மூஞ்சியப் பாத்தா மனசு எறங்காதா?" என்றாள்.

நல்ல யோசனையாகப் பட்டது. கடையில் புதிதாக வந்திருந்த வெளிர் நீலச் சேலையைப் பாவாயிக்குக் கட்டிவிட்டு, மகளைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். முந்தானை மடிப்பைச் சரி செய்தேன், கரையைத் தூக்கிவிட்டேன், தாலிக்கொடி கரையை மறைக்கிறது என்று அதை உள்ளே தள்ளிவிட்டேன். எல்லாம் தொழில் புத்தி.

நெகடிவில் மச்சம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் பென்சிலால் பூசி மறைப்பதற்குக் கடையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். எங்கள் மலாய் நடிகை பொட்டு வைக்க மாட்டாள் என்பதால் அவர் படத்தில் பொட்டைப் பார்த்ததில்லை. பாவாயி நெற்றியிலிருந்ததும் ஏதோ கறை என்று நினைத்து மிக நேர்த்தியாக நீக்கிவிட்டார்.

நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பத்து வருஷத்துக்கு மேலாகப் படத்தில் துணியை மட்டுமே பார்த்துப் பழகிய கண். மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு உறையில் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்தால் அய்யன் பிரிக்காமலே எறிந்துவிடுவார் என்று கடைக் கணக்கப்பிள்ளையை விட்டு விலாசம் எழுதச் சொன்னேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. அன்றைக்கே தபால் கப்பல் என்பதால் பாவாயியிடம் காட்டவும் இல்லை.

நாலு நாள் கழித்து இன்னொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு போனேன். பாவாயி கையில் வாங்கினாள். வாங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ சாமி! என்னய முண்டச்சியாக்கி அனுப்பி வெச்சிருக்கறீங்களே!"

அப்போதுதான் நான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கம் புருஷனை இழந்தவள் வெள்ளைச் சேலைக்கு மாறிவிடுவாள். அதற்குப் பிறகு சாகும்வரை வேறு நிறம் கிடையாது. படத்தில் பாவாயி வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு, தாலி தெரியாமல், மகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் இல்லை. உறைமேல் யாரோ முன்பின் தெரியாதவர் கையெழுத்து.

"தந்தி அடிங்க, இப்பவே அடிங்க" என்று அழுதாள். நான் சிரித்து மழுப்பினேன். ஒரு படத்தைப் பார்த்து அப்படி யாராவது நினைப்பார்களா, அடுத்த கப்பலில் அண்ணனுக்கு விவரமாக எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். அன்றைக்கே ஏன் தந்தி அடிக்கவில்லை என்று இன்றுவரை பாவாயி கேட்கிறாள். உண்மையான பதிலை அவளிடம் நான் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் என்னை விசாரிக்காத மனுஷன், கொஞ்ச நாள் நினைத்துக்கொள்ளட்டுமே என்று என் மனதில் ஒரு மூலையில் இருந்தது.

4

அதற்கு மூன்று வாரம் பொறுத்துக் கடைக்கு ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. முதலாளி படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'காலஞ்சென்ற செங்கோடனின் விதவை, தன் மாமனாரை அழைத்துப் போக, கப்பல் பிரயாணிகளை நோய்ச் சோதனைக்காக வைத்திருக்கும் முகாமுக்கு நேரில் வரவும்' என்று போட்டிருந்தது. செங்கோடன் நான்தான்.

அய்யன் காவேரியைத் தாண்டிப் போனதே நாலைந்து முறைதான். அவர் எப்படி ரயிலேறி, எப்படி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்து, கீழ்த்தளத்தில் எத்தனை பேருக்கு நடுவே ஆடிக்கொண்டு கடல் கடந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அண்ணனுக்கு நான் எழுதிய கடிதம் ஊர் போய்ச் சேர்வதற்குள் புறப்பட்டிருக்க வேண்டும். பாவாயியையும் தங்கத்தையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

முகாம் ஆபீஸில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி.

"நீர் ஆர்?"

"செங்கோடனுங்க."

அவர் பேரேட்டைப் புரட்டினார். "அவர் செத்தவரெல்லே?"

"இல்லைங்க. நாந்தான் அது. இருக்கறேனுங்க."

"இருக்கிறீர், தெரியுது. ஆனால் கிழவர் உம்மைச் செத்தவரெண்டு சொல்லிப் பதிஞ்சிருக்கிறார். நான் அதை வெட்டினால் மேலதிகாரி என்னைக் கேப்பார். அவரின்ர பெண்சாதி வந்து விதவையெண்டு ரேகை வைச்சால் ஆளை விடலாம்."

பாவாயியிடம் மைப்பெட்டியை நீட்டினார். அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "புருசன் பக்கத்துல நிக்கறப்ப நா முண்டச்சின்னு ரேக வெக்க மாட்டேனுங்க. எங்க மாமன் உள்ள காஞ்சு கெடந்தாலுஞ் செரி, என்ற கையி வராதுங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கிளார்க் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். மனுஷர் கெட்டவரில்லை. "கிழவருக்கு வேற பிள்ளையள் இருக்கோ?" என்றார். ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறான் என்றேன். "அப்ப உம்மட பேரை ஊரில இருக்கிற தமையன்ர பேராய் மாத்திக் கையெழுத்து வையும். நான் உம்மைக் காணேல்லை" என்றார். செத்துப்போன என் சார்பில், நானே என் அண்ணனாகக் கையெழுத்துப் போட்டேன்.

5

தகரக் கொட்டகைக்குள் வரிசையாகப் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அய்யன் கடைசியில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் ஒரு துணிமூட்டை. முதலில் பாவாயியைத்தான் பார்த்தார். அவள் அன்று வேண்டுமென்றே பச்சைச் சேலை கட்டி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். அய்யன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் நெற்றியையே பார்த்தார். பிறகு அவள் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

எழுந்திருக்கப் பார்த்தார். மூட்டை மடியிலிருந்து சரிய, அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி," என்றார், "நீ இருக்கறயா?"

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளைத்தான் சாமி என்று கூப்பிடுவோம். நான் தவழ்ந்த காலத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டிருப்பார். எனக்கு ஞாபகம் தெரிந்து அன்றுதான் கேட்டேன். முப்பத்திரண்டு வயதுக்காரன், பத்துப் பேர் பார்க்க அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவினார், தோளைத் தடவினார், காதைப் பிடித்துப் பார்த்தார். ஆள்தானா என்று சோதிக்கிற மாதிரி இருந்தது.

கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு கோபமும் வந்துவிட்டது. "படம் புடிக்கறானாமா படம்! பொண்டாட்டி நெத்தியில பொட்டு இருக்குதா இல்லயான்னு பாக்கத் துப்பில்ல, உனக்கெதுக்குடா காமிரா?" என்று கொட்டகை அதிரக் கத்தினார். என் தொழிலைப்பற்றி இத்தனை சரியான விமர்சனத்தை வேறு யாரும் செய்ததில்லை.

பாவாயி மூட்டையை வாங்கப் போனாள். அய்யன் முதலில் கொடுக்கவில்லை. பிறகு தானே அவிழ்த்தார். மேலே அரக்குச் சிவப்பில் ஒரு சேலை இருந்தது. எடப்பாடித் தறியில் நெய்தது, இன்னும் தண்ணீரில் நனைக்காத கோடிச் சேலை.

"படத்தப் பாத்ததும் ஊர்ல எல்லாரும் காரியம் பண்ணிப்போடலாம்னாங்க. நாந்தான் மருமவளயும் புள்ளயயும் கூட்டியாந்துட்டு அப்பறம் பாத்துக்கலாம்னேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளையில உன்னய ஊருக்குள்ள கூட்டிப் போறதுக்கு எனக்கு மனசு வல்ல. ரயிலு எறங்கறதுக்கு முன்னால இதக் கட்டிக்கோன்னு சொல்லலாம்னு எடுத்தாந்தேன். ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது."

கொசுவம் பிடித்ததற்காக என்னை வீட்டைவிட்டுத் துரத்தியவர், ஜவுளிக்கடையில் தனியாக உட்கார்ந்து மருமகளுக்கு நிறம் பார்த்துச் சேலை எடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் கைம்பெண்ணுக்கு நிறச்சேலை எடுத்த ஆண்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை.

6

ஆறு வாரம் எங்களோடு இருந்தார். தங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடப்பார். அவள் பாதி மலாயில் ஏதோ கேட்பாள், அவர் கொங்குத் தமிழில் ஏதோ சொல்லுவார். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒருநாள் கடைக்கு வந்தார். நடிகை சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அய்யன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மெல்லத் தலையைத் திருப்பினார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். "ஏஞ்சாமி, பொறத்தாண்ட முந்தானி தரையில படுது பாரு" என்றது அவர் குரல். வெளியே வந்து பார்த்தேன். உண்மைதான். தூக்கிவிட்டேன்.

புறப்படுவதற்கு முன்பு, "என்ற கூட நின்னு ஒரு படம் எடு. நீ இருக்கறயின்னு ஊர்ல நம்போணுமல்லோ" என்றார். சீனப் பெரியவரைக் காமிராவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் முன்னால் போய் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனை பேரை நிற்க வைத்தவன்! அய்யன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி கெட்டியாகப் பிடித்திருந்தார். படம் எடுத்து முடித்தும் விடவில்லை.

கப்பல் ஏறும்போது சொன்னார்: "மேட்டூர்ல அணை கட்டி முடிச்சுட்டாங்க. ஏரியெல்லாம் எங்க, கடலாட்டம் கெடக்குது தண்ணி. கடலுந்தான் இப்பப் பாத்துட்டேன். இது பெருசுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு வாயி குடிக்க முடியுதா? வர்ற ஐப்பசிக்கு வந்துரு சாமி. ரெண்டு பேரும் போயி அணையப் பாக்கலாம்."

"வாரேனுங்க அய்யா" என்றேன்.

அந்த வருஷம் கடையில் புதிதாக ஒரு பிரிவு திறந்தார்கள், விடவில்லை. அடுத்த வருஷம் தங்கத்துக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த வருஷம் சொன்ன காரணம் எனக்கே ஞாபகமில்லை. வருஷா வருஷம் 'வர்ற ஐப்பசிக்கு' என்று எழுதினேன். பிறகு ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பலும் இல்லை, தபாலும் இல்லை.

அந்த மூன்றரை வருஷமும் நான் அணைக்கட்டை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பார்க்காத ஒரு இடத்துக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கரைமேல் அய்யன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார் என்றே என் மனதில் ஓடும். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு அதைப் பாவாயியிடம் சொல்லுவேன். அவளும் ஆமாம் என்பாள்.

7

சண்டை முடிந்து தபால் திறந்தது. அண்ணன் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன், என் கை அதில் எதையும் திருத்தவில்லை.

'மலாய் நாட்டில் குண்டு விழுந்து எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று இங்கே பேச்சு. இரண்டு வருஷம் உன் கடிதம் இல்லை. பெரியவர்கள் எல்லாம் கூடி உனக்குக் காரியம் பண்ணிவிடலாம் என்றார்கள். அய்யன் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருக்கா அழுதுட்டுத்தான் கப்பலேறிப் போனேன், அங்க குத்துக்கல்லாட்டம் நின்னான், இன்னொருக்கா ஏமாற மாட்டேன் என்றார். போன மாசிக்கு முந்தின மாசியில் படுத்தார். கடைசிவரை நினைவு இருந்தது. என்னைக் கூப்பிட்டு, யாரு எழுதுனாலும் நம்பாத, எந்தப் படம் வந்தாலும் நம்பாத, கப்பல் உட்டதும் நீ நேர்ல போயிப் பாரு, அவன் இருப்பான் என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். தம்பி, நீ இருக்கிறாயா? இருந்தால் பதில் எழுது.'

அய்யன் சொன்னது சரிதான். நான் இருந்தேன். அவர் படுத்திருந்த அந்த மாசியில் நான் ஜப்பான் சர்க்காரின் அடையாளச் சீட்டுக்கு வரிசை வரிசையாக முகம் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். சிரித்திருப்பேன், சாப்பிட்டிருப்பேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அண்ணனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மடித்து அனுப்பிவிட்டேன்.

போன வாரம் கப்பல் ஆபீஸில் மூன்று பேருக்கு இடம் கேட்டு விண்ணப்பத் தாள் நிரப்பினேன். தங்கமும் வருகிறாள். தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம். அதன் கீழே, உயிருடன் உள்ளாரா என்று இன்னொரு கட்டம். பாவாயி என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க எழுதறீங்க?" என்றாள்.

'ஆம்' என்று எழுதினேன். கடிதம் வந்தது என்பதற்காக நான் நம்புவதாக இல்லை. நேரில் போய்ப் பார்க்கிறேன்.